பதினொரு மணித் தூறல்

தண்ணீர் லாரி ஓட்டும் கார்குழலிக்கு அந்த வேலையில் ரொம்பப் பிடித்த நேரம், லாரி ஓடாத நேரம்தான். லாஸ்பேட்டையில் ஒரு நான்கு மாடி அபார்ட்மெண்ட் வாசலில் வண்டியை நிறுத்தி, தடித்த குழாயைக் கீழ்த்தொட்டியில் இறக்கி மோட்டாரைப் போட்டுவிட்டால், அரை மணி நேரத்துக்கு அவளை யாரும் கேட்கமாட்டார்கள். எதிர்வீட்டுத் தூங்குமூஞ்சி மரம் மதிலைத் தாண்டித் தெருவின் மேல் கவிந்திருக்கும். அந்த நிழலில் ஸ்டியரிங்கின் மேல் முழங்கையை ஊன்றி, உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். மோட்டார் இரைச்சல் கொஞ்ச நேரம் மோட்டாராக இருக்கும். பிறகு கடலாகிவிடும். வம்பாகீரப்பாளையத்துக் குப்பத்தில் பிறந்தவளுக்கு எந்த இரைச்சலும் கடைசியில் கடலாகத்தான் ஆகும்.

அவளுக்கு வயது நாற்பத்துநான்கு. லாரிக்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியபோது வேனும் நின்றது. தண்ணீர் லாரிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றபோது, "லாரி ஓட்டுவியாம்மா நீ?" என்று முதலாளி சந்தேகப்பட்டார். "வேன்ல முப்பது புள்ளைங்க உசுரு இருந்துச்சி. இதுல தண்ணிதானே" என்றாள் இவள். சாவி கையில் வந்துவிட்டது. கணவன் புருஷோத்தமன் குழாய் வேலை செய்பவன். நெல்லித்தோப்பில் ஒரு மாடி வீட்டில் இருவரும் இருந்தார்கள். தண்ணீரைச் சுமப்பவளும் தண்ணீருக்கு வழி போடுபவனும் என்று தெருவில் கேலி செய்வார்கள்.

அந்த மரத்தில் வௌவால்கள் வந்து சேர்ந்தது போன கார்த்திகைப் புயலுக்குப் பிறகு. ஏர்போர்ட்டுக்கு அப்பால் ஒரு புளியந்தோப்பில் இருந்தவை. புயலில் தோப்பு சாய்ந்துவிட்டது. மறுநாள் விடிகாலையில் தூங்குமூஞ்சி மரத்து வீட்டுக்காரியான க்ளெமான்ஸ் ஜன்னலைத் திறந்தபோது, கிளையெல்லாம் கறுப்புப் பழம் காய்த்ததுபோல் இருநூறு முந்நூறு தொங்கின. புயல் அந்த மரத்தையும் விட்டுவைக்கவில்லை. மேற்குப் பக்கத்துப் பெரிய கிளைகள் இரண்டு முறிந்து, அங்கே வானம் தெரிந்தது. வேறு போக்கிடம் இல்லாமல் அவை அங்கேயே தங்கிவிட்டன.

கார்குழலிக்கு அவற்றைப் பிடிக்காது. ஒரு புளித்த வாடை. வண்டிக் கண்ணாடி முழுக்க எச்சம். ஆனால் நிழல் அங்கேதான் இருந்தது.

சித்திரை முடியும் சமயம். புதுச்சேரியில் எத்தனை வெயில் அடித்தாலும் நண்பகல் தாண்டினால் கடற்காற்று வந்து கழுத்தைத் தொடும். அதை நம்பித்தான் ஊரே மத்தியானத்தைக் கடத்தும். அந்த வருஷம் நாலு நாளாகக் காற்று வரவில்லை. மேற்கிலிருந்து அடுப்பைத் திறந்ததுபோல் அனல் மட்டும் வந்தது. நூற்றியேழு டிகிரி என்று டிவியில் சொன்னார்கள்.

அன்று மோட்டார் கடலாகும் முன்பே அவள் தூங்கிப்போனாள். பழைய வேனை ஓட்டுவதுபோல் ஒரு கனவு. பிள்ளைகள் எல்லோரும் தலை தொங்கித் தூங்குகிறார்கள். வியர்த்த முகங்கள். ஒரு பிள்ளை நோட்டால் விசிறத் தொடங்குகிறது. பிறகு பக்கத்துப் பிள்ளை, பிறகு எல்லோரும். வேன் முழுக்கத் தாள்கள் அசையும் சத்தம். எந்த நிறுத்தத்திலும் யாரும் இறங்கவில்லை. வீடுகளின் கதவுகள் சாத்தியிருந்தன.

பொத்தென்று ஒரு சத்தம். கண் விழித்தாள்.

பானெட்டின் மேல் ஏதோ கிடந்தது. தலைக்கு மேலே விசிறும் சத்தம் நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். மரத்தில் இருந்த அத்தனையும் இறக்கையை விரித்து மெல்ல மெல்ல விசிறிக்கொண்டிருந்தன. சில நாக்கால் இறக்கையை நக்கின. சில வாயைத் திறந்து நாய்போல் இரைத்தன. வழக்கமாக உச்சியில் தொங்குபவை அடிமரத்தை நோக்கி இறங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கொத்தாய் ஒட்டிக்கொண்டிருந்தன.

கீழே இறங்கிப் பானெட்டைப் பார்த்தாள். இத்தனை நாளில் ஒரு வௌவாலின் முகத்தை அவள் பார்த்ததில்லை. நாய்க்குட்டி முகம். கழுத்தில் செம்பட்டை ரோமம். பழுப்புக் கண் ஒருமுறை அவளைப் பார்த்தது, அல்லது அவள் பக்கமாகத் திரும்பியது. பிறகு அதில் ஒன்றுமில்லை. மார்பில் எலி அளவுக்கு ஒரு குட்டி கவ்விக்கொண்டிருந்தது. அது மூச்சு விட்டது.

அவள் ஓடிப்போய் எதிர்வீட்டு இரும்புக் கதவைத் தட்டினாள். "மதாம்! மதாம்!"

க்ளெமான்ஸ் குடையோடு வந்தாள். எழுபது வயது, கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் தெருவில் அவள் வீட்டைச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றே சொல்வார்கள். மகன் திதியே பிரான்சில், துலூஸில் இருந்தான்.

"காலைலேர்ந்து இது நாலாவதும்மா" என்றாள். "தோட்டத்துப் பக்கம் மூணு கெடக்குது. இன்னா செய்றதுன்னு தெரியல."

"தண்ணி அடிச்சா?"

"அடிக்கலாமா?"

அதற்குப் பதில் யோசிக்க கார்குழலி நிற்கவில்லை. தொட்டி நிறைந்திருந்தது. லாரியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம். குழாயை வெளியே இழுத்து, வாயை உள்ளங்கையால் பாதி அடைத்து, மரத்தின் மேலே பீய்ச்சினாள்.

தண்ணீர் கிளைகளில் மோதிய அந்த நொடியில் மரம் வெடித்தது. முந்நூறு வௌவால்களும் ஒரே சமயத்தில் கிளம்பின. உச்சி வெயிலில், யாரும் அவற்றைப் பார்த்திராத நேரத்தில், அத்தனை இறக்கைகளும் வானத்தில் விரிந்தன. வெயில் இறக்கைத் தோலை ஊடுருவியது; ஒவ்வொன்றும் செம்மண் நிறத்தில், நரம்பு தெரிய, ஒளிர்ந்தது. சத்தமே இல்லாமல் வட்டமிட்டன. ஒரு கணம் அது இந்த உலகத்துக் காட்சியாகவே இல்லை. கார்குழலி குழாயைக் கீழே போட்டுவிட்டு வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே இறங்குவது என்று தெரியாமல் அவை சுற்றின, சுற்றின. பிறகு விழத் தொடங்கின. மொட்டைமாடியில் ஒன்று. மின்கம்பியில் ஒன்று. தெருவில், அவள் காலுக்கு அருகே, ஒன்று.

அந்த வட்டத்தைப் பக்கத்துக் கல்லூரி வாசலிலிருந்து பார்த்த ஒருத்தி ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்தாள். ஜெயசித்ரா; அங்கே விலங்கியல் துறையில் லேப் அசிஸ்டெண்ட். வந்தவுடன் அவள் சொன்ன முதல் வார்த்தை, "யாரும் கையால தொடாதீங்க." இரண்டாவது, "தண்ணிய நிறுத்துங்க."

"நிறுத்திட்டேன்" என்றாள் கார்குழலி.

ஜெயசித்ரா கையுறை போட்டுக்கொண்டு, குட்டியைத் துணியில் பொதிந்து எடுத்தாள். வௌவால்கள் ஒவ்வொன்றாக மரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அவை அடங்கும்வரை மூன்று பேரும் மதிலோரமாக அசையாமல் நின்றார்கள். பிறகு செத்தவற்றைப் பொறுக்கித் தோட்டத்துக் கோடியில் ஆழமாகக் குழி வெட்டிப் போட்டார்கள். பத்தொன்பது.

"இதுல எத்தன வெயிலால, எத்தன என்னால?" என்று கேட்டாள் கார்குழலி.

ஜெயசித்ரா கையுறையைக் கழற்றினாள். "பிரிச்சி சொல்ல முடியாதுக்கா. ரெண்டும்தான். சூடு ஏறிப்போய் இருக்கும்போது பறந்தா தாங்காது. பயந்துபோய் பறந்துச்சிங்க."

"நான் நல்லதுக்குத்தான்..."

"தெரியுதுக்கா."

வீட்டில் அன்று அவளால் சாப்பிட முடியவில்லை. புருஷோத்தமன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "வவ்வாலுக்குப் போயா குழலி?" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தவன்போல், டேபிள் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தான். அந்தக் காற்று முகத்தில் பட்டதும் அவள் அழுதாள்.

"மரத்துல தொங்குறது அது பாட்டுக்குத் தொங்கிச்சி" என்றாள். "தோப்பு போச்சி. நெழல் போச்சி. காத்தும் வரல. இதெல்லாம் அதுங்க செஞ்சதா? கடைசில நான் வேற போய் வெரட்டி வுட்டேன்."

மறுநாள் லோடு அந்த அபார்ட்மெண்டுக்கே இருந்தது. வாசலில் சங்கச் செயலாளர் நாகராஜ் காத்திருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் ஜெயசித்ராவும் க்ளெமான்ஸும் நின்றார்கள். பேச்சு ஏற்கெனவே சூடாகியிருந்தது.

"இங்க கைக்குழந்தைங்க இருக்குது மேடம். என் வீட்டுக்காரிக்கு மூச்சு பிரச்சன. நேத்து மொட்டமாடில துணி எடுக்கப் போன பொண்ணு மேல ஒண்ணு விழப் பாத்துச்சி. வியாதி வந்தா யார் பதில் சொல்றது? மரத்த வெட்டிடுங்க, முடிஞ்சிது."

"வெட்டினா ஊரு முழுக்க செதறிப் போகும் சார். இப்ப ஒரே எடத்துல இருக்குது. தொடாம, கடிச்ச பழத்தத் தின்னாம இருந்தாலே போதும்" என்றாள் ஜெயசித்ரா.

நாகராஜ் கார்குழலியிடம் திரும்பினார். "ஏம்மா, எங்களுக்கு வந்த தண்ணியத்தான் மேல அடிச்சியா?"

"மிச்சத் தண்ணி சார். ஆனா தப்புதான். அதுங்கள பறக்க வுட்டதும் தப்புதான். மாடில விழுந்ததுக்கு நான்தான் காரணம்."

அவர் சண்டைக்குத் தயாராக வந்தவர். எதிர்ப்பக்கம் சண்டை கிடைக்கவில்லை. க்ளெமான்ஸ்தான் பேசினாள். "அலோர், இதோ பாருங்க முசியே நாகராஜ், எனக்கும் இதுங்களப் பிடிக்கல. பிடிக்கணும்னு அவசியமா? என் வீட்டு மரத்துல சாவுது. பாத்துட்டுக் கதவ சாத்த முடியல, அவ்ளோதான்."

என்ன செய்யலாம் என்று ஜெயசித்ரா சொல்லிக்கொண்டிருந்தாள். பீய்ச்சக் கூடாது. பனிபோல் மெல்லிசாக விழ வேண்டும். வெயில் தலைக்கேறும் முன்பே, பதினொரு மணிக்கே தொடங்கவேண்டும். அடிமரமும் தாழ்ந்த கிளையும் நனைந்தால் போதும், அவையே இறங்கி வரும். ஆனால் தினமும் முந்நூறு லிட்டராவது வேண்டும். க்ளெமான்ஸின் கிணறு பங்குனியிலேயே உப்பாகிவிட்டது.

கார்குழலி கேட்டுக்கொண்டே நின்றாள். கண் தானாக அபார்ட்மெண்ட் சுவரில் போயிற்று. எத்தனையோ மத்தியானங்களில் அரைத்தூக்கத்தில் பார்த்த சுவர்தான். நான்கு மாடியிலும் வரிசையாக ஏசிப் பெட்டிகள், எல்லாமே மரத்தைப் பார்த்தபடி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் குழாய். ஒவ்வொரு குழாயின் நுனியிலும் ஒரு சொட்டு. அது விழுந்தால் இன்னொரு சொட்டு. சுவரடியில் பாசி பிடித்த சாக்கடைக்குள் அத்தனையும் போய்க்கொண்டிருந்தது.

"சார்" என்றாள். "அந்த ஏசித் தண்ணிய மட்டும் குடுங்க."

நாகராஜ் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"அது உப்பு இல்லாத தண்ணி. சும்மாதான் போவுது. எங்க வீட்டுக்காரர் குழாய் வேல செய்றவரு. எல்லாத்தயும் ஒண்ணா சேத்து ஒரு டேங்க்ல வுட்ருவாரு. உங்க தொட்டிலேர்ந்து ஒரு சொட்டு கேக்கல."

அவர் உள்ளே போனார். போய்விட்டார் என்று நினைத்தார்கள். சிறிது நேரத்தில் முதல் மாடிப் பால்கனியில் தெரிந்தார். தன் வீட்டு ஏசிப் பெட்டிக்கு முன்னால் கையை நீட்டினார், உடனே இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டி, இந்தமுறை வைத்திருந்தார். அந்த அனல் காற்று போகும் திசையில், பத்தடி தூரத்தில், ஒரு கிளை முழுக்க வௌவால்கள் விசிறிக்கொண்டிருந்தன. அங்கேயே வெகுநேரம் நின்றார்.

கீழே வந்து, "குழாய் போட்டுக்குங்க" என்றார். "மரத்தப் பத்தி மழ வந்த அப்பறம் பேசலாம். நான் ஒத்துக்கிட்டேன்னு நெனைக்காதீங்க."

அன்று மாலையே புருஷோத்தமன் வந்துவிட்டான். பகலில் மரத்தில் ஏறினால் பயந்து பறக்கும். அவை இரை தேடிக் கிளம்பும்வரை காத்திருக்கவேண்டும் என்றாள் ஜெயசித்ரா. நால்வரும் க்ளெமான்ஸின் முற்றத்தில் பிரம்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் மஞ்சளாகி, ஊதாவாகி, கரைந்தது. தூங்குமூஞ்சி இலைகள் ஜோடி ஜோடியாக மடங்கின. அப்போது ஒன்று கிளையை விட்டது. பிறகு இரண்டு. பிறகு ஒரு கறுப்பு ஓடைபோல், முடிவே இல்லாமல், அவை மரத்திலிருந்து வானத்துக்கு ஒழுகின. ஆளில்லாத ஏர்போர்ட் ஓடுபாதைக்கு மேலாக, உப்பனாற்றுத் திசையிலோ வேறு எங்கோ, நிதானமாகத் துழாவித் துழாவிப் போயின. தாய்களின் மார்பில் குட்டிகள் தொங்கின. கார்குழலிக்குத் தானும் எழுந்து கூடவே போவதுபோல் இருந்தது. கீழே ஊர், விளக்குகள், கடலின் கறுத்த விளிம்பு. எங்கே இன்னும் பழம் இருக்கிறதோ அங்கே போகிறார்கள் என்று நினைத்தாள். போகின்றன என்று திருத்திக்கொள்ளத் தோன்றவில்லை.

"மணி ஏழாச்சி" என்று புருஷோத்தமன் ஏணியைத் தூக்கினான்.

சுவரோரக் குழாய்களைச் சேர்க்க அவனுக்கு அடுத்த நாள் காலையும் ஆயிற்று. கருப்பு டேங்க் ஒன்று, சின்ன மோட்டார் ஒன்று, நாற்றங்கால்களில் இளஞ்செடிகளுக்குப் புகைபோல் தண்ணீர் தூவுவதற்கு வைத்திருக்கும் பிளாஸ்டிக் மூக்குகள் ஆறு. அவற்றை அடிமரத்தைச் சுற்றிக் கட்டியிருந்தான்.

அதற்கும் மறுநாள் பதினொரு மணிக்கு டேங்க் முக்கால் பங்கு நிறைந்திருந்தது. சுவிட்சை நீயே போடு என்றாள் க்ளெமான்ஸ். கார்குழலிக்கு மறுபடி வானத்தில் அந்த வட்டம் வந்துவிடுமோ என்று பயம். போட்டாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அடிமரத்தைச் சுற்றி வெள்ளையாக ஏதோ மூச்சு விட்டதுபோல் இருந்தது. மரம் முழுக்க விசிறல் நின்றது. அத்தனை தலைகளும் திரும்பின. அத்தனை அமைதியை அவள் பட்டப்பகலில் கேட்டதில்லை. விரல் சுவிட்சிலேயே இருந்தது. ஒன்று பறந்தாலும் நிறுத்திவிடவேண்டும். ஒன்றும் பறக்கவில்லை. தாழ்ந்த கிளையில் இருந்த ஒரு கிழ வௌவால் ஒரு இறக்கையை மட்டும் நீட்டி, பனிக்குள் வைத்து, எடுத்து, நக்கியது. பிறகு இன்னொரு இறக்கையையும் விரித்தது. மேலே இருந்தவை ஒவ்வொன்றாகக் கிளை மாறிக் கீழே வரத் தொடங்கின. வாய்களை மூடிக்கொண்டன. ஈரமான ரோமத்தோடு, கண் பாதி மூடி, ஆடாமல் தொங்கின.

கார்குழலி தரையில் உட்கார்ந்துவிட்டாள். தூறல் அவள் மேலும் விழுந்தது. எச்சத்தின் வாடை, ஈரமண் வாடை, எங்கோ ஏசிகளின் முனகல். கொஞ்ச நேரம் அது கனவா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை.

அதற்குப் பிறகு சாவே இல்லை என்று சொல்ல முடியாது. அந்தக் கோடையில் இன்னும் ஆறு விழுந்தன. ஒருநாள் கரெண்ட் போய் மோட்டார் நின்றதில் மட்டும் மூன்று. ஒவ்வொன்றையும் கையுறை போட்டு எடுத்துப் புதைத்தார்கள். ஜெயசித்ரா வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, குட்டியை லேப் பின்னறையில் வைத்துச் சொட்டுச் சொட்டாக ஆட்டுப்பால் கொடுத்து வளர்த்தாள். ஆவணியில் ஒரு மாலை அதைக் கொண்டுவந்து கிளையில் விட்டார்கள். மற்றவற்றோடு கிளம்பிப் போயிற்று. மறுநாள் திரும்பி வந்தவற்றில் அது இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆனி தொடக்கத்திலேயே க்ளெமான்ஸ் மகனிடம் போனாள். போகும்போது இரும்புக் கதவின் சாவியைக் கார்குழலியிடம் கொடுத்தாள். "மழ வர்ற வரைக்கும் பாத்துக்கம்மா. திதியேகிட்ட சொன்னேன், அவனுக்கு நம்பிக்கயே வரல. போட்டோ அனுப்பு." லோடு எந்தப் பக்கம் இருந்தாலும் பதினொரு மணிக்கு லாரி அந்தத் தெருவுக்கு வந்துவிடும். வழி சுற்றுவதை முதலாளி கண்டுபிடித்துத் திட்டினார். அவள் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வண்டியை எடுத்து அதைச் சரிக்கட்டினாள். புதைத்த பத்தொன்பதை அவள் மறக்கவில்லை. சில நாள் சுவிட்சைப் போடும்போது அந்தச் செம்மண் நிற இறக்கைகள் கண்ணில் வந்து நிற்கும். அப்போது அவசரப்படாமல், கிளைகளை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுத்தான் போடுவாள்.

மழை வந்தது. சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். இரண்டு மணி நேரம் பேசியதில் வெட்டவும் முடிவாகவில்லை, விடவும் முடிவாகவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். குழாய்களைக் கழற்றவேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் தொட்டி நிரம்புவதற்காகக் காத்திருந்தபோது நாகராஜ் குடையோடு வந்து லாரிக் கதவருகே நின்றார். கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தார். வௌவால்கள் இறக்கையால் உடம்பைப் போர்த்தி, முனையில் நீர் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தன.

"அடுத்த வருஷம் இன்னும் சூடா இருக்கும்னு சொல்றாங்களே" என்றார்.

"இருக்கும் சார்."

"அந்தத் தண்ணி போதுமா?"

"ஏசியும் இன்னும் ஜாஸ்தியா ஓடும் இல்ல சார்" என்றாள் கார்குழலி. "தண்ணியும் ஜாஸ்தியா வரும். அனலும் ஜாஸ்தியா வரும்."

இருவரும் சிரிக்கவில்லை. அவர் குடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "ஏசிப் பெட்டிங்கள மொட்டமாடிக்கு மாத்த முடியுமான்னு உன் வீட்டுக்காரரக் கேட்டுப் பாரு. மொதல்ல எங்க வீட்டோடத."

"கேக்கறேன் சார்."

தொட்டி நிரம்பிவிட்டது. அவள் இறங்கி மோட்டாரை நிறுத்தி, குழாயைச் சுற்றிக் கொக்கியில் மாட்டினாள். அடுத்த லோடு ரெட்டியார்பாளையத்துக்கு. மழையில் வைப்பர் சரியாக வேலை செய்யவில்லை, மெதுவாகத்தான் போனாள்.